மூன்றாவது சாவி
சுவரை உடைக்காமல், புது ஒயர் இழுக்காமல், கீழ் வாசல் கதவைத் திறக்க ஒரு வழி

(நமது மும்பை நிருபர்)

சாலில் குடியிருந்த காலத்தில் வாசல் கதவு நமக்கு ஒரு பிரச்னையாக இருந்ததில்லை. காலையில் திறந்த கதவை இரவு படுக்கப் போகும்போதுதான் சாத்துவோம். புது முகம் யாராவது படியேறினால், வராந்தாவில் காய் நறுக்கிக் கொண்டிருக்கும் பெண்களில் ஒருவர் “யார் வீட்டுக்கு?” என்று கேட்டு விடுவார். அதுவே காவல்.

தாராவியையும் சயான் கோலிவாடாவையும் விட்டுச் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று பிளாட்டுக்குக் குடிபோனவர்களுக்குக் கதை வேறு. கீழே இரும்புக் கதவு. அதன் பக்கத்தில் வரிசையாகப் பொத்தான்கள். வந்தவர் உங்கள் வீட்டு எண்ணுக்கு நேரே அழுத்தினால் மேலே மணி அடிக்கும். சுவரில் தொங்கும் ரிசீவரை எடுத்து “யாரு?” என்று கேட்டு, சாவிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால், கீழே பூட்டு ‘கிர்ர்’ என்று உறுமி விடும். இதைத்தான் இன்டர்காம் என்கிறோம்.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால், மணி அடிக்கும்போது எழுந்து போய் ரிசீவரை எடுக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற குடும்பங்களில் அந்த ஆள் யார்?

ஒரு வீட்டு நிலவரம்

செம்பூரில் ஒரு நாலு மாடிக் கட்டிடம். லிப்ட் கிடையாது. பதினாறு வீடுகள். பகல் வாட்ச்மேன் கட்டுப்படியாகாது என்று நிறுத்தியாகி விட்டது. இரவுக்கு மட்டும் ஒருவர் வருகிறார். மூன்றாவது மாடியில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. கணவர் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். மனைவிக்கும் வேலை. காலை ஏழரைக்கெல்லாம் இருவரும் கிளம்பி விடுவார்கள். வீட்டில் இருப்பது எழுபத்தாறு வயதுத் தாயார் மட்டும்.

அந்த அம்மாளுக்கு மூட்டுவலி. முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு பெண் வருவார். பிற்பகல் இரண்டு மணிக்குப் பேத்தி பள்ளியிலிருந்து திரும்புவாள். மாடிக் கதவுக்கு இருவரிடமும் சாவி உண்டு. கீழ்க் கதவுக்குத்தான் இல்லை. வீட்டுக்கு இரண்டு சாவிக்கு மேல் கிடையாது என்பது சொஸைட்டியின் கட்டுப்பாடு. அந்த இரண்டும் கணவன், மனைவி கையில்.

மணி அடித்ததும் பெரியவர் கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக் கொண்டு, கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் வந்தவர் திரும்பிப் போய் விடுவார். ஒருநாள் பேத்தி வெயிலில் நிற்கிறாளே என்று வேகமாக நடந்ததில் கால் தடுக்கி விழுந்து விட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் மறுநாளே மகன் சொஸைட்டி செயலாளரிடம் மூன்றாவது சாவி கேட்டுப் போய் நின்றார். “உங்களுக்குக் கொடுத்தால் பதினாறு வீட்டுக்கும் கொடுக்க வேண்டும், பிறகு ஊரெல்லாம் சாவி இருக்கும்” என்று செயலாளர் மறுத்து விட்டார்.

புது இன்டர்காம் போடலாம் என்றால், ஒயர்கள் எல்லாம் சுவருக்குள் குழாயில் போகின்றன. நாலு மாடிக்கும் சுவரைக் கொத்த வேண்டும். பதினாறு வீட்டுக்காரரும் பங்கு போட வேண்டும். நடக்கிற காரியமா?

இரண்டாவது மாடியில் ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன் பையன் ஒருவன் இருக்கிறான். அவன்தான் வழி சொன்னான். “அண்ணாச்சி, புது ஒயர் எதுக்கு? ஒயர்தான் ஏற்கனவே உங்க வீட்டுக்குள்ள வந்து நிக்குதே. ஆச்சி விரலால அழுத்துறதை வேற ஒண்ணு அழுத்தினா போதும்” என்றான்.

பொத்தானுக்குள் என்ன இருக்கிறது?

அவன் சொன்னதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. சாவிப் பொத்தானை அழுத்தும்போது உள்ளே நடப்பது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு ஒயர்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. அவை தொட்டிருக்கும் வரை கீழே உள்ள பூட்டுக்கு மின்சாரம் போகும். விரலை எடுத்தால் நின்று விடும்.

பழைய கட்டிடங்களில் உள்ள சாதாரண இன்டர்காமில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து ஒயர்கள் வரும். நான்கு ஒயர்கள் எல்லா வீட்டுக்கும் பொது: பேச ஒன்று, கேட்க ஒன்று, கதவுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் திரும்பு வழியாக ஒன்று. ஐந்தாவது ஒயர் அந்தந்த வீட்டு மணிக்குத் தனி. பெரும்பாலும் இவற்றில் ஓடுவது 12 வோல்ட் அளவுள்ள சிறிய மின்சாரம்தான். வீட்டு விளக்குக்கு வரும் 230 வோல்ட் அல்ல.

ஆகவே, பொத்தானின் இரண்டு முனைகளிலிருந்தும் பக்கவாட்டில் இரண்டு சிறு ஒயர்களை எடுத்து, அவற்றை வேறொரு ஸ்விட்ச் இணைத்துப் பிரித்தால், கதவு திறக்கும். பழைய பொத்தானும் எப்போதும் போல வேலை செய்யும். கட்டிடத்தின் ஒயரில் ஒரு முழம் கூட மாற்ற வேண்டியதில்லை.

அந்த வேறொரு ஸ்விட்சுக்குத்தான் ரிலே என்று பெயர். ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு இது பழகிய சொல். சிக்னல் கேபினில் அறை நிறைய அடுக்கியிருப்பார்கள். சிறிய மின்சாரத்தால் ஒரு காந்தச் சுருள் விழித்துக் கொண்டு, இன்னொரு பாதையை மூடும் அல்லது திறக்கும். இரண்டு பாதைகளும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இன்டர்காமுக்கு வேண்டிய ரிலே தீப்பெட்டி அளவுதான் இருக்கும்.

மணி அடித்ததை அறிவது எப்படி?

கை கிடைத்து விட்டது. இனி காது வேண்டும். கீழே யாரோ அழுத்தினார்கள் என்பதைக் கருவி தெரிந்து கொள்ள வேண்டும்.

அதற்கு ‘ஆப்டோகப்ளர்’ என்ற சிறு பொருள் கிடைக்கிறது. நான்கு கால்கள் உள்ள, மிளகாய் விதையைவிடச் சற்றுப் பெரிய கறுப்புத் துண்டு. அதற்குள் ஒரு பக்கம் சின்ன விளக்கு. மறுபக்கம் வெளிச்சத்தை உணரும் டிரான்ஸிஸ்டர். மணி ஒயரில் மின்சாரம் வந்தால் விளக்கு எரியும். மறுபக்கம் அதைக் கண்டு கொள்ளும். நடுவில் கடப்பது வெளிச்சம் மட்டுமே. எனவே இன்டர்காமில் கோளாறு வந்தாலும் நம் கருவிக்குத் தாவாது. நம் கருவியில் கோளாறு வந்தாலும் பதினாறு வீட்டு இன்டர்காமும் கெடாது. விளக்குக்கு அளவுக்கு மேல் மின்சாரம் போகாமல் தடுக்க ஒரு ரெஸிஸ்டரும், தலைகீழாகப் பாயாமல் இருக்க ஒரு டயோடும் சேர்ப்பது அவசியம். எந்த அளவு என்பது மணி ஒயரில் எத்தனை வோல்ட் வருகிறது என்பதைப் பொறுத்தது. மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் இணைக்கக் கூடாது.

காதையும் கையையும் சேர்த்து வைக்கும் மூளைதான் ‘இஎஸ்பி 8266’ அல்லது ‘இஎஸ்பி 32’ என்ற சிறு பலகை. ஷாங்காயில் உள்ள எஸ்பிரெஸிஃப் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு. 2014 முதல் உலகெங்கும் பரவி, இன்று நம் லாமிங்டன் ரோடு கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம்தான். வீட்டு வை-ஃபையோடு இது சேர்ந்து கொள்ளும். செல்போன் சார்ஜரே இதற்கு மின்சாரம் தரும். பலகை, ரிலே, ஆப்டோகப்ளர், சில்லறைச் சாமான்கள் எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் ஆகும். ‘இஎஸ்பிஹோம்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் அதைக் கொண்டு ஒரு மாலைப் பொழுதில் கட்டளைகளை எழுதி விடுவார்கள்.

சார்ஜர் மின்சாரத்தை விட்டு, இன்டர்காம் ஒயரிலிருந்தே பலகைக்கு மின்சாரம் எடுக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். செய்யக் கூடாது. அது பொது மின்சாரம். நாம் உறிஞ்சினால் அடுத்த வீட்டு மணி முனகும்.

இரண்டே ஒயர் என்றால்?

மூடியைத் திறந்ததும் ஐந்து ஒயருக்குப் பதில் இரண்டே ஒயர் இருந்தால் உஷாராக இருக்க வேண்டும். புதிய முறை இன்டர்காம்களில் பேச்சு, மணி, கதவுக் கட்டளை எல்லாம் அந்த இரண்டு ஒயரிலேயே சங்கேதமாகப் போகும். அவற்றை ஒன்றோடொன்று தொட விட்டால் கதவு திறக்காது. கட்டிடம் முழுவதற்கும் இன்டர்காம் ஊமையாகி விடலாம். அங்கே ஒயரைத் தொடவே வேண்டாம். ரிசீவருக்குள் இருக்கும் பொத்தானின் முனைகளில் மட்டும், விஷயம் தெரிந்தவரைக் கொண்டு இணைக்க வேண்டும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு அதைவிட எளிய வழி உண்டு. சின்ன மோட்டார் ஒன்றை ரிசீவர் பெட்டியின் மேல் ஒட்டி வைத்தால், அதன் கை இறங்கிப் பொத்தானை அழுத்தி விட்டு ஏறி விடும். ஒரு திருகாணியைக் கூடக் கழற்ற வேண்டியதில்லை. வீட்டைக் காலி செய்யும்போது பெயர்த்து எடுத்துக் கொண்டு போகலாம். ஆனால் ஒன்று: சில இன்டர்காம்களில் ரிசீவரைக் கையில் எடுத்தால்தான் சாவிப் பொத்தான் வேலை செய்யும். அதை முதலில் சோதித்துக் கொள்ள வேண்டும்.

இது எதுவும் வேண்டாம், வீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறது, எழுந்து வருவதுதான் கஷ்டம் என்றால், ரிசீவரையே கட்டில் பக்கத்துக்கு மாற்றி விடலாம். கருவியைவிட அதுதான் மேல். வந்தவரிடம் “யாரு?” என்று கேட்க முடியும் அல்லவா? செம்பூர் வீட்டில் அது போதவில்லை. பேத்தி வரும் நேரத்தில் பாட்டி மருந்து சாப்பிட்டு அயர்ந்து தூங்குவார்.

ரயில்வே சொல்லும் பாடம்

கருவி செய்வது சுலபம். அது கெட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பதுதான் வேலை.

கைகாட்டி மரத்துக்குப் போகும் கம்பி அறுந்தால் கை தானாகவே ‘நில்’ என்ற நிலைக்கு வந்து விடும். தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் நின்றால் சிக்னல் சிவப்பாகி விடும். எது கெட்டாலும் வண்டி நிற்க வேண்டும், ஓடக் கூடாது என்பது ரயில்வேயின் பாலபாடம். வாசல் கதவுக்கும் அதே பாடத்தைப் படிக்க வேண்டும்: கருவி கெட்டால் கதவு மூடியே இருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, கரண்ட் போய்த் திரும்பும் நொடி. இஎஸ்பி 8266 பலகையின் சில கால்கள் மின்சாரம் வந்தவுடன் ஒரு கணம் தாமாகத் துடிக்கும். ரிலேயை அவற்றில் இணைத்திருந்தால், இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வரும்போது கதவும் ஒருமுறை திறந்து மூடும். பலகையில் டி1, டி2 என்று எழுதியிருக்கும் இரண்டு கால்கள் அப்படித் துடிப்பதில்லை. அவற்றில் ஒன்றைத்தான் உபயோகிக்க வேண்டும். ரிலேயும் கட்டளை வந்தால் மட்டும் இயங்கும் வகையாக இருப்பது நல்லது.

இரண்டாவது, நேரம். கதவைத் தள்ளித் திறக்க மூன்று முதல் ஐந்து நொடி போதும். அதற்குப் பிறகு ரிலே தானாக விட்டுவிட வேண்டும். தொடர்ந்து மின்சாரம் பாய்ந்தால் பூட்டின் சுருள் சூடேறிக் கருகும்.

மூன்றாவது, மழை. மும்பை மழையில் கீழ் வாசல் பொத்தானுக்குள் தண்ணீர் இறங்கினால் அது ஒட்டிக் கொண்டு மணி ஓயாமல் அடிக்கும். கருவி அதை விருந்தாளி என்று நினைத்துக் கதவைத் திறந்து கொண்டே இருக்கும். ஒரேயடியாகப் பத்து நொடிக்கு மேல் மணி அடித்தால் அது கோளாறு, திறக்காதே என்று முன்கூட்டியே கட்டளை எழுதி விட வேண்டும்.

நான்காவது, பூட்டின் ஜாதி. ‘கிர்ர்’ என்று உறுமும் சாதாரண மின்பூட்டு, மின்சாரம் இல்லாவிட்டால் பூட்டியே இருக்கும். கதவைக் காந்தம் பிடித்துக் கொண்டிருக்கும் வகையோ, மின்சாரம் நின்றால் விட்டுவிடும். உங்கள் கட்டிடத்தில் இருப்பது எது என்று தெரிந்து கொள்ளுங்கள். எதுவானாலும், உள்ளே இருப்பவர் வெளியேற எந்தக் கருவியையும் நம்பியிருக்கக் கூடாது. தீ விபத்து என்றால் கையால் திருகிக் கதவைத் திறந்து கொண்டு ஓட வழி இருக்க வேண்டும்.

கதவு யாருடையது?

செம்பூர் கட்டிடத்தில் கருவி தயாராகி விட்டது. ஆனால் அதை மாட்டுவதற்கு முன் கமிட்டியில் வைக்க வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் பையனே பிடிவாதமாகச் சொல்லி விட்டான். அது சரியான யோசனை. மணி உங்கள் வீட்டில் அடிக்கிறது. ஆனால் திறக்கும் கதவு பதினாறு வீட்டுக்கும் பொது. ஒயரும் பொதுச் சொத்து. உங்கள் சௌகரியத்துக்காக நீங்கள் திறந்து விடும் கதவு வழியாக வருகிறவன், நான்காவது மாடியில் தனியாக இருக்கும் இன்னொரு பெரியவர் வீட்டுக்கும் போக முடியும்.

ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் டோக்கன் முறை நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. இரண்டு ஸ்டேஷன்களும் சம்மதித்தால்தான் கருவியிலிருந்து டோக்கன் வெளியே வரும். அதைக் கையில் வாங்காமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். பொதுக் கதவுக்கும் அந்த இரண்டாவது சம்மதம் வேண்டும்.

கூட்டத்தில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. மூன்றாவது சாவியை மறுத்த செயலாளரே, “சாவியே தர மாட்டேன் என்றேன், நீங்கள் பூட்டையே கழற்றப் பார்க்கிறீர்களே” என்றார். ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பின் சில நிபந்தனைகளோடு கமிட்டி அனுமதித்தது. மற்றவர்களுக்கும் உபயோகப்படும் என்பதால் அவற்றைத் தருகிறோம்.

பயிற்சிப் பெண் வரும் நாட்களில் மட்டும் பதினொன்று முதல் பதினொன்றே கால் வரை. பள்ளி நாட்களில் இரண்டு முதல் இரண்டரை வரை. இந்த நேரங்களில்தான் கருவி தானாகத் திறக்கலாம். மற்ற நேரங்களில் அது வெறும் பார்வையாளர்.

அந்த நேரத்திலும் சும்மா ஒருமுறை மணி அடித்தால் திறக்காது. இரண்டு முறை அடித்து, சற்று நிறுத்தி, மறுபடியும் ஒருமுறை அடிக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் இதைக் கேட்டுப் பழகி விடலாம் என்பதால் மாதம் ஒருமுறை தாளத்தை மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மகனுடைய செல்போனுக்குத் தகவல் போக வேண்டும். தேதி, நேரத்தோடு பதிவாகவும் வேண்டும். கமிட்டி கேட்டால் காட்ட வேண்டும்.

செல்போனிலிருந்து திறக்கும் வசதி மகனுக்கும் மருமகளுக்கும் மட்டும். வை-ஃபை பாஸ்வேர்டை ஊருக்கெல்லாம் சொல்லக் கூடாது. கருவியை ஒரே தட்டில் நிறுத்தும் ஸ்விட்ச் ரிசீவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கமிட்டி சொன்னால் அன்றே கழற்றி விட வேண்டும்.

சாவி மறுத்தவர்கள் இதை ஏன் ஒப்புக் கொண்டார்கள்? இரும்புச் சாவிக்கு நேரம் தெரியாது. பகலிலும் திறக்கும், நள்ளிரவிலும் திறக்கும். தொலைந்து போனால் யார் கையில் இருக்கிறது என்று தெரியாது. நகல் எடுத்தால் கணக்கு கிடையாது. இந்தச் சாவிக்கு வேலை நேரம் உண்டு. வருகைப் பதிவேடு உண்டு. வேண்டாம் என்றால் திரும்ப வாங்கிக் கொள்ளலாம். குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்கு இந்த மூன்றும் எவ்வளவு முக்கியம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு வார்த்தை

வாசகர்களில் யாராவது இதைச் செய்ய நினைத்தால் வரிசை இதுதான். முதலில் கமிட்டியிடம் எழுத்து மூலம் அனுமதி. இரண்டாவது, பொது இன்டர்காமின் மின்சாரத்தை நிறுத்தி விட்டு, எலக்ட்ரீஷியன் முன்னிலையில் மூடியைத் திறந்து, எந்த ஒயர் எங்கே இருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக் கொள்ளுதல். மூன்றாவது, மின்சாரம் இல்லாத நிலையிலேயே மல்டிமீட்டரை வைத்து, பொத்தானை அழுத்தும்போது எந்த இரண்டு முனைகள் சேர்கின்றன என்று கண்டுபிடித்தல். இணைத்து முடித்த பிறகு ஒரு வாரமாவது கதவைத் திறக்காமல், மணி அடித்ததைப் பதிவு மட்டும் செய்ய விடுங்கள். யார் யார் எந்தெந்த நேரத்தில் உங்கள் மணியைத் தவறுதலாக அடிக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். தபால்காரர் முதல் பால்காரர் வரை பட்டியல் நீளமாக இருக்கும்.

இன்டர்நெட் நின்றால் ஆபீஸிலிருந்து திறக்க முடியாது. வீட்டில் கரண்ட் நின்றால் கருவியே தூங்கி விடும். அப்போது பழைய பொத்தானும், எழுந்து நடக்க ஓர் ஆளும்தான் துணை. ஆகவே எதிர்வீட்டுக்காரரோடு பேச்சு வார்த்தையை மட்டும் நிறுத்தி விடாதீர்கள். எந்த ஒயரும் இல்லாமல், கரண்ட் போனாலும் வேலை செய்யும் இன்டர்காம் அது ஒன்றுதான்.